பெண்டர் குடிக்கிறான், திருடுகிறான்: பதின்மூன்று வயதுப் பையன் பார்க்கலாமா?

கேள்வி இதுதான். எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், வயது 13. கூடப் படிக்கும் பையன் சொல்லி 'ஃபியூச்சுராமா' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறான். கார்ட்டூன்தானே என்று விட்டுவிட்டு, அடுப்படியிலிருந்து ஒருநாள் எட்டிப் பார்த்தால், ஒரு ரோபோ கையில் பீர் பாட்டில், வாயில் சுருட்டு, பக்கத்தில் இருப்பவனின் பர்ஸை வேறு உருவுகிறது. கதையோ ஒரே கோமாளித்தனம். பார்க்க விடலாமா, நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். ஆனால் ரிமோட்டை முழுசாக அவன் கையில் கொடுத்துவிடவும் வேண்டாம். நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். இந்தத் தொடரைக் கல்லூரி நாளிலிருந்து பார்க்கிறேன். பிறகு அக்கா மகள்கள் இரண்டு பேர், ஒருத்திக்கு 14, ஒருத்திக்கு 17 இருந்தபோது, ஒரு கோடை விடுமுறை முழுக்க அவர்களோடு உட்கார்ந்து திரும்பவும் பார்த்தேன். தனியாகப் பார்க்கும்போது சிரித்த இடங்களில் பாதிக்கு அந்தச் சோபாவில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போன இடங்களும் உண்டு. அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் அந்தக் 'கார்ட்டூன்தானே' என்பதைக் கழற்றி வைத்துவிடுங்கள். 'சிம்ப்சன்ஸ்' தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங் அடுத்து உருவாக்கியது இது. 1999 மார்ச் 28 அன்று ஃபாக்ஸ் சேனலில் தொடங்கியது. பெரியவர்களை நினைத்து எழுதியது, ஆனால் பிள்ளைகளும் பார்ப்பார்கள் என்று தெரிந்தே எழுதியது. கதை ஒரு வரிதான்: நியூயார்க்கில் பீட்சா கொண்டு கொடுக்கும் ஃப்ரை என்ற பையன், 1999 டிசம்பர் 31 நள்ளிரவில் ஓர் உறைநிலைப் பெட்டிக்குள் தவறி விழுந்து, ஆயிரம் வருஷம் கழித்து எழுந்திருக்கிறான். போய்ச் சேருவது ஒரு விண்வெளிக் கூரியர் கம்பெனி. முதலாளி பேராசிரியர் ஃபார்ன்ஸ்வர்த், ஃப்ரையின் அண்ணன் வழியில் வந்தவர். 25 வயதுப் பையனுக்கு 160 வயதுக் கிழவர் பேரன் முறை. ஒற்றைக் கண் கேப்டன் லீலா, நண்டு மாதிரி இருக்கும் டாக்டர் சோய்ட்பெர்க், நீங்கள் அடுப்படியிலிருந்து பார்த்த பெண்டர். ஆயிரம் வருஷம் போயும் இந்த ஃப்ரைக்கு வேலை அதே டெலிவரி வேலைதான் என்பது முதல் நகைச்சுவை.

சரி, பெண்டரிலிருந்தே ஆரம்பிக்கலாம், உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது. அவனுக்குச் சாராயம்தான் எரிபொருள். குடிக்காவிட்டால்தான் தள்ளாடுவான், முகத்தில் துரு ஏறும். அதாவது குடிகாரனைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட பொம்மை அவன். திருடுவான், பொய் சொல்லுவான், தன்னைவிட்டால் உலகத்தில் யாருமே இல்லை என்று நினைப்பான். இதையெல்லாம் பார்த்துப் பையன் கெட்டுப்போவானா? நான் பார்த்தவரை, பெண்டரைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை இல்லை, பெண்டராக வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளையும் இல்லை. நம் படங்களில் காதல் தோல்வி என்றதும் கதாநாயகன் டாஸ்மாக் பாரில் நண்பர்களோடு பாட்டுப் பாடுகிறான், கீழே 'மது அருந்துவது உடல்நலத்திற்குக் கேடு' என்று பொடி எழுத்து ஓடுகிறது. அந்தப் பாட்டுக்கு ஐந்து வயதுக் குழந்தையைக் கல்யாண மேடையில் ஆடவிட்டுக் கைதட்டுகிறோம். அங்கே குடிப்பவன் நாயகன், இங்கே குடிப்பது தகர டப்பா. எனக்கு இரண்டில் எது கவலை தருகிறது என்று சொல்லத் தேவையில்லை.

இப்படிப்பட்ட கோமாளித் தொடர்களைப் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது ஒன்றுதான். திரையில் என்ன கெட்ட காரியம் நடக்கிறது என்பது எனக்கு இரண்டாம்பட்சம். சிரித்து முடித்ததும் அந்தக் காரியம் செய்தவன் பார்ப்பவன் கண்ணில் பெரிய ஆளாகிறானா, சின்ன ஆளாகிறானா? அதைப் பார்த்தால் போதும்.

இதற்கு இன்னோர் உதாரணம் ஸாப் பிரானிகன். நிம்பஸ் என்ற போர்க்கப்பலின் கேப்டன், தொப்பையும் வெல்வெட் சட்டையுமாக, பார்க்கிற பெண்ணிடமெல்லாம் வழிபவன். அவன் வாயைத் திறந்தால் இரட்டை அர்த்தம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அசிங்கப்படுவது அவன்தான். உதவியாளன் கிஃப் விடும் ஒரு பெருமூச்சு போதும், ஆள் அம்பேல். அக்காவின் சின்ன மகள் அவனைப் பார்த்த அரை மணி நேரத்தில், "மாமா, எங்க டியூஷன்ல இப்படி ஒருத்தன் இருக்கான்" என்றாள். அந்த நகைச்சுவை வேலை செய்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

எல்லா இடத்திலும் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2001-ல் வந்த 'அமேசான் விமன் இன் த மூட்' அத்தியாயம், ராட்சசப் பெண்கள் ஆளும் கிரகம், ஆண்களுக்கு அவர்கள் கொடுக்கும் மரணதண்டனையே படுக்கையறை சமாசாரம். இணையத்தில் அதன் ஒரு வசனத்தை மீம் போட்டே தேய்த்துவிட்டார்கள், உங்கள் பையனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அதில் சிரிப்பு யாரைப் பார்த்து என்று எழுதியவர்களுக்கே தெளிவில்லை. பெண்கள் அரட்டை அடிப்பார்கள், ஆண்களுக்கு மூளை இல்லை என்ற பழைய பல்லவிதான். அதைப் பதினாறுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அதே 2001-ன் கடைசியில் வந்த 'ராஸ்வெல் தட் எண்ட்ஸ் வெல்' அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கிய அத்தியாயம். 1947-க்குப் போய்விட்ட ஃப்ரை, தெரியாத்தனமாகத் தன் தாத்தா சாகக் காரணமாகி, பிறகு தானே தன் தாத்தா ஆகிவிடுகிறான். எப்படி ஆகிறான் என்பதை நான் விளக்கப் போவதில்லை, உங்களுக்கே புரியும். காலப்பயண முரணை இவ்வளவு விஷமமாகச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் பாட்டி சம்பந்தப்பட்ட அந்தக் காட்சியைப் பதின்மூன்று வயதுப் பையனும் அவன் அம்மாவும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்ப்பது இரண்டு பேருக்குமே தண்டனை.

குடியும் வழிசலும் கிடக்கட்டும், உண்மையில் யோசிக்க வேண்டிய காட்சி வேறு. அது முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஃப்ரை எதிர்கால நியூயார்க் தெருவில் டெலிபோன் பூத் என்று நினைத்து ஒரு கூண்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறான். அது தற்கொலைக் கூண்டு. 25 சென்ட் காசு போட்டால் போதும். அவனுக்கு முன்னால் நிற்பவன் பெண்டர். இரண்டு பேரும் நண்பர்களாவதே அங்கேதான். பெண்டர் ஏன் அங்கே வந்தான் என்று பிறகு தெரிகிறது: இரும்பு வளைக்கும் வேலையில் தான் வளைத்துக் கொடுத்த இரும்பெல்லாம் இந்தக் கூண்டு செய்யத்தான் போனது என்று தெரிந்ததும் அவனுக்கு வாழவே பிடிக்கவில்லை. சாவைக்கூடத் தெருமுனையில் பெப்சி மெஷின் மாதிரி வைத்து விற்கும் சமூகத்தைக் கிண்டல் செய்யும் காட்சி. பெரியவர்களுக்கு அது கசப்பான, கூர்மையான நகைச்சுவை. பரீட்சை முடிவு வரும் மாதத்தில் எங்கள் ஆசிரியர் அறையில் போன் அடித்தாலே எல்லோரும் ஒரு நொடி பேச்சை நிறுத்துகிறோம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, வெறும் கார்ட்டூன்தானே என்று அதைத் தாண்டிவிட எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் காட்சி பார்த்த பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று சொல்லவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் வீட்டிலோ வகுப்பிலோ அப்படி ஒரு சாவு சமீபத்தில் நடந்திருந்தால், அல்லது பையனே கொஞ்ச நாளாகச் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாவற்றிலும் ஒடுங்கிப் போயிருந்தால், இந்தத் தொடரை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தள்ளி வைத்ததோடு நிற்காமல் அவனிடம் நேராகப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். அந்த மாதிரிக் கவலை எதுவும் இல்லையென்றால், முதல் அத்தியாயத்தை நீங்கள் ஒரு தடவை தனியாகப் பாருங்கள், அப்புறம் அவனோடு சேர்ந்து பாருங்கள். எந்தத் தொடரையும் முதல் அத்தியாயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இந்த வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது. ஃபியூச்சுராமாவுக்கு அது அவசியமே இல்லை. எங்கே திறந்தாலும் கதை புரியும்.

இன்னொன்று, இதை யாரும் எச்சரிக்க மாட்டார்கள். இந்தக் கோமாளித் தொடர் திடீரென்று அழ வைக்கும். 2002 நவம்பரில் வந்த அத்தியாயம் 'ஜுராசிக் பார்க்'. அந்த டைனோசர் படத்தின் பெயரை வைத்துச் செய்த சிலேடை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறும், தமிழில் எழுதினால் பூங்காவும் குரைப்பும் ஒரே 'பார்க்'தான், சிலேடை காணாமல் போய்விடும். ஃப்ரை ஒரு கண்காட்சியில் தன் பழைய நாயைக் கல்லாகிப் போன உடம்பாகக் கண்டுபிடிக்கிறான். பேராசிரியர் அதற்குத் திரும்ப உயிர் கொடுக்கத் தயார். நாய் 15 வயதில் செத்திருக்கிறது என்று தெரிந்ததும் ஃப்ரை கணக்குப் போடுகிறான்: நான் போகும்போது அதற்கு 3 வயசு, அப்புறம் 12 வருஷம் வாழ்ந்திருக்கிறது, என்னை எப்போதோ மறந்திருக்கும், நிம்மதியாக இருக்கட்டும். விட்டுவிடுகிறான். கடைசி நிமிஷத்தில் நமக்கு மட்டும் காட்டுகிறார்கள். அந்த 12 வருஷமும் நாய் பீட்சா கடை வாசலில் வெயிலிலும் பனியிலும் உட்கார்ந்து காத்திருக்கிறது. வசனமே இல்லை.

எங்கள் வீட்டு நாய் செத்து ஆறு மாதம்கூட ஆகாத நேரத்தில் அந்த அத்தியாயத்தைப் போட்டுவிட்டேன். முன்பு பார்த்தவன் நான், எனக்குத் தெரியும், ஆனாலும் யோசிக்கவில்லை. சின்னவள் எழுந்து போய் ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சுருட்டையும் பீரையும் பற்றிப் பயந்துகொண்டிருந்த அக்கா, "போயும் போயும் ஒரு நாய்க் கதையில கவுத்துட்டியே" என்றாள். ஆகவே உங்கள் பட்டியலில் கெட்ட வார்த்தை, குடி, கவர்ச்சி என்று மட்டும் இருந்தால், துக்கம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் தன் பெயரையே திருடிவிட்டான் என்று ஃப்ரை நினைக்கும் 'லக் ஆஃப் த ஃப்ரைரிஷ்' அத்தியாயமும், லீலா தன் பெற்றோரைக் கண்டுபிடிக்கும் அத்தியாயமும் அதே ரகம். ஆனால் அவை அழவைத்துவிட்டுக் கொஞ்சம் தேற்றவும் செய்யும். ஜுராசிக் பார்க் அதைச் செய்யாது.

இப்போது நான் ஏன் நிறுத்த வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். இந்தக் கோமாளித்தனத்தை எழுதியவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. க்ரோனிங்கோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய டேவிட் எக்ஸ். கோஹன் ஹார்வர்டில் இயற்பியல் படித்தவர், பெர்க்லியில் கணினி அறிவியலில் முதுகலை. எழுத்தாளர் கென் கீலர் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். படிப்பை வீணாக்கக் கூடாது என்றோ என்னவோ, திரையின் மூலை முடுக்கிலெல்லாம் கணக்கைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன ஸாப் பிரானிகனின் நிம்பஸ் கப்பலின் பக்கவாட்டில் ஓர் எண் எழுதியிருக்கும்: பிபி-1729. ஆமாம், நம் ராமானுஜன் எண்தான். லண்டனில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைப் பார்க்க டாக்ஸியில் வந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி, வண்டி எண் 1729, சுவாரசியமே இல்லாத எண் என்று சொல்ல, அது இரண்டு வெவ்வேறு விதமாக இரண்டு கனங்களின் கூட்டலாக எழுதக்கூடிய ஆகச் சிறிய எண் என்று கும்பகோணத்துக்காரர் படுக்கையிலிருந்தே சொன்ன கதை. 1-ன் கனமும் 12-ன் கனமும், அல்லது 9-ன் கனமும் 10-ன் கனமும். பெண்டருக்கு வரும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலும் அதே 1729 வரும், அவனைத் தயாரித்த இயந்திரத்துக்கு அவன் 1729-ஆவது மகன். தொடரின் முதல் முழுநீளப் படத்தில் ஒரு டாக்ஸி ஓடும், அதன் எண் 87539319. இரண்டு கனங்களாக மூன்று விதத்தில் பிரிக்கக்கூடிய ஆகச் சிறிய எண் அது. வகுப்பில் ராமானுஜன் பிறந்தநாள் என்று டிசம்பர் 22-க்கு பேனர் கட்டி வாழ்த்துரை வாசிக்கும்போது கொட்டாவி விடுகிற பையன்கள், இந்தக் கப்பலைக் காட்டினால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் உண்மை.

கீலர் எழுதிய 'பிரிசனர் ஆஃப் பெண்டா' (2010) இன்னும் ஒரு படி மேலே. மனசை உடம்பு விட்டு உடம்பு மாற்றும் இயந்திரம். ஒரு தடவை மாறிய அதே இரண்டு உடம்புகளுக்கு இடையில் இரண்டாவது தடவை மாற்ற முடியாது. எல்லோரும் மாறிக் குழம்பியபிறகு எப்படி அவரவர் உடம்புக்குத் திரும்புவது? எவ்வளவு பெரிய குழப்பமாக இருந்தாலும், இன்னும் மாறாத இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் சரிசெய்துவிடலாம் என்று கீலர் இந்தக் கதைக்காகவே ஒரு தேற்றத்தை நிரூபித்தார். நிரூபணம் முழுசாகக் கரும்பலகையில் தெரியும், எழுதிக்காட்டுவது கூடைப்பந்து வீரர்கள். பெரியவள் படத்தை நிறுத்திவிட்டு, நான்கு டம்ளரை எடுத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுச் சீட்டைப் போட்டு மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒருத்தருக்கொருத்தர் மாறிய இரண்டு பேரை, வெளியாள் இரண்டு பேரை வைத்து, ஐந்து மாற்றத்தில் சரிசெய்துவிட்டாள். பிளஸ் ஒன் புத்தகத்தில் இதைச் சொல்லியிருந்தால் டம்ளரைத் தொட்டிருப்பாளா? ஆனால் பாருங்கள், மனசு மாறிய உடம்புகளை வைத்துக்கொண்டு ஒரு படுக்கையறைக் காட்சியையும் அதே அத்தியாயத்தில் வைத்திருக்கிறார்கள், அருவருப்பாகத்தான் இருக்கும், வேண்டுமென்றே. நான் அந்த இடத்தில் ஓட்டிவிட்டேன். ஓட்டியதை அவர்கள் கவனித்தார்கள், பிறகு தாங்களே போய்ப் பார்த்தும் இருப்பார்கள். இதில் பெரியவர்கள் ஜெயிக்க முடியாது.

எந்தப் பகுதி எந்த வயதுக்கு என்றால், ஃபாக்ஸ் காலம், அதாவது 1999 முதல் 2003 வரை வந்தவைதான் பதின்மூன்றுக்கு நெருக்கம். அதற்குப் பிறகு 2007-லிருந்து 2009 வரை நான்கு முழுநீளப் படங்கள், 2010 முதல் 2013 வரை காமெடி சென்ட்ரல் சேனல், 2023 முதல் ஹூலு என்ற அமெரிக்க ஓடிடி தளம். காமெடி சென்ட்ரலுக்குப் போனதும் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. படுக்கையறை நகைச்சுவையும் அன்றாட அரசியல் கிண்டலும் கூடின. அவற்றைப் பதினைந்து, பதினாறுக்கு ஒதுக்கலாம். நம் ஊர் ஓடிடி தளங்களில் 2021 விதிகளுக்குப் பிறகு யு/ஏ 13+, யு/ஏ 16+ என்று முத்திரை குத்துகிறார்கள், 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் கொடுக்க வேண்டும். அந்தப் பூட்டைப் போட்டுவையுங்கள், நல்லதுதான். ஆனால் நாய்க் கதையும் அமேசான் கதையும் ஒரே முத்திரைக்குள் இருந்தால் அது உங்களுக்கு என்ன சொல்லப் போகிறது?

இதைப் பார்த்து முடித்தால் அடுத்து 'ரிக் அண்ட் மார்ட்டி' பார்க்கலாமா என்று கேட்பான். அல்காரிதம் பக்கத்திலேயே கொண்டுவந்து வைக்கும். இரண்டும் ஒரே சரக்கு மாதிரித் தோன்றும். விஞ்ஞானக் கிழவர், குடி, வேற்றுக்கிரகம். அங்கே என் பதில் வேறு: பதினாறுக்கு முன் வேண்டாம். ரத்தமும் கெட்ட வார்த்தையும் அதிகம் என்பது ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் அது இல்லை. ரிக் குடிகாரர், பேரனைப் படாதபாடு படுத்துபவர், ஆனால் பிரபஞ்சத்திலேயே அறிவாளி, எல்லா விவாதத்திலும் ஜெயிப்பவர். தொடர் அவரை விமர்சிக்கத்தான் செய்கிறது, ஆனால் மெதுவாக, பல சீசன் போட்டு. அதுவரை பொறுமை இல்லாத பதினாலு வயதுப் பையன்கள் எடுத்துக்கொள்வது அந்தத் திமிரை மட்டும்தான். என் வகுப்பிலேயே ஓர் ஆண்டு இரண்டு பேர் அப்படித் திரிந்தார்கள், கேள்வி கேட்டால் தோளைக் குலுக்கிக்கொண்டு, எதற்கும் அர்த்தமில்லை சார் என்று. பெண்டர் மாதிரித் திரிந்தவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

நடைமுறையில் என்ன செய்வது என்றால், கூட உட்காருங்கள், ஆனால் காட்சிக்குக் காட்சி விளக்கவுரை வேண்டாம். ஆங்கிலம் வேகமாக ஓடும், சிலேடையில் பாதி அவனுக்குப் பிடிபடாமலே போகும், போகட்டும். அவன் "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டால் மட்டும் மழுப்பாமல் சொல்லுங்கள். அப்புறம் ஒரு வாரம் அவன் வாயில் என்ன வசனம் ஓடுகிறது என்று காது கொடுங்கள். அக்கா மகள்கள் அந்தக் கோடை முழுக்க, "எல்லோருக்கும் ஒரு நல்ல செய்தி!" என்று பேராசிரியர் மாதிரியே சொல்லிவிட்டு, பால் பொங்கிவிட்டது, கரண்ட் போய்விட்டது என்று கெட்ட செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது போதும் எனக்கு.

ஆரம்பிக்க ஒன்று சொல்கிறேன். 2000-ல் வந்த 'த ஹாங்கிங்'. பெண்டருக்கு மாமா சொத்தாக ஒரு பேய் பங்களா கிடைக்கிறது, பிறகு அவன் ராத்திரியானால் காராக மாறித் தொலைக்கிறான். சுவரில் ரத்தத்தில் 0101100101 என்று எழுதியிருக்கும். பெண்டர் படித்துவிட்டு, உளறல் என்று அலட்சியமாகத் திரும்புவான். எதிரே கண்ணாடியில் அதே எண் தலைகீழாகத் தெரிந்ததும் அலறிக்கொண்டு ஓடுவான். அந்த இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடியில் தெரிவது 1010011010. அதைப் பையனிடம் ஒரு பேப்பரும் பென்சிலும் கொடுத்துச் சாதாரண எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். வலது ஓரத்திலிருந்து 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், 1 இருக்கும் இடங்களை மட்டும் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலப் பேய்ப் படங்களில் வரும் சாத்தானின் எண் தெரிந்த பையனாக இருந்தால், விடை வந்ததும் பெண்டர் ஏன் ஓடினான் என்று அவனே உங்களுக்குச் சொல்லுவான்.